இந்தக் காப்புரிமை எந்த ஊர்க் கணக்கு?

பெங்களூரு ஜீவனஹள்ளியில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம் இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு. கடையில் கிரைண்டர், மிக்சி ரிப்பேர். கடைக்காரர் இளவயதில் ஆம்பூர்ப் பக்கமிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம், மாருதி சேவா நகர் என்று சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி என்பதால், கடைக்கு வருகிறவர்களில் பலர் தமிழிலேயே பேரம் பேசுவார்கள்.

அண்மையில் போயிருந்தபோது மாடி ஹாலின் ஷோகேஸில் புதிதாக ஒரு மரப்பலகை இருந்தது. பையனின் பொம்மைக் கார்களும் பள்ளிக்கூடக் கோப்பைகளும் ஓரமாக ஒதுங்கி அதற்கு நடு இடம் கொடுத்திருந்தன. ஓர் அமெரிக்கக் காப்புரிமையின் முதல் பக்கத்தை உலோகத் தகட்டில் அச்சிட்டு, பலகையில் பதித்துக் கொடுத்திருக்கிறார்கள். பையன் வேலை பார்க்கும் சிப் வடிவமைப்பு நிறுவனம் கொடுத்தது.

அம்மாவுக்குப் பூரிப்பு. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையை என் கையில் கொடுத்தார். "சார், இதுல பையன் பேருக்குப் பக்கத்துல பெங்களூருன்னு போட்டிருக்கு. அதுக்குக் கீழயே அமெரிக்கா ஊர்ப் பேரு ஒண்ணு இருக்கு. அப்போ இது நம்ம ஊரு கணக்கா, அவங்க ஊரு கணக்கா?"

பொருளாதார அறிஞர்கள் அறுபது ஆண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்வியை ஒரு கிரைண்டர் மெக்கானிக் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். இந்தக் கட்டுரை அவருக்கு நான் அன்று சொல்ல முடியாமல் போன பதில்.

அமெரிக்கக் காப்புரிமையின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு விவரத்துக்கும் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் உண்டு. 72 என்ற எண்ணுக்கு எதிரே கண்டுபிடித்தவர்களின் பெயரும் அவர்கள் வாழும் ஊரும் இருக்கும். 73 என்ற எண்ணுக்கு எதிரே அந்த உரிமை யாருடைய சொத்தோ அவருடைய பெயரும் ஊரும் இருக்கும். 72ஐ எண்ணினால் அந்தப் பலகை பெங்களூருவுக்கு. 73ஐ எண்ணினால் அமெரிக்காவுக்கு. இரண்டும் முறையான கணக்குகள்தான். இரண்டையும் பயன்படுத்தும் ஆய்வுகள் இருக்கின்றன. ஒரே தாள், ஒரே கண்டுபிடிப்பு. எந்த வரியைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஓர் ஊர் அறிவுத் தலைநகராகிறது, அல்லது அடுத்தவருக்கு உழைத்துக் கொடுக்கும் ஊராகிறது.

இப்படி ஊசலாடும் எண்ணை வைத்துத்தான் இன்று மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன, கல்லூரிகள் தரவரிசையில் ஏறுகின்றன, அமைச்சர்கள் மேடையில் பெருமை பேசுகிறார்கள். எண்ணுவது தவறென்று நான் சொல்லவில்லை. எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல் கைதட்டுவது தவறு. அதில் நம் பிள்ளைகளின் உழைப்பும் நம் வரிப்பணமும் கலந்திருப்பதால் இதை உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கிண்டிக்குப் போகும் பெங்களூரு

இந்தியாவில் காப்புரிமை அலுவலகங்கள் நான்கே ஊர்களில் இருக்கின்றன: கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை. நாட்டின் தொழில்நுட்பத் தலைநகரம் என்று பெயரெடுத்த பெங்களூருவில் ஒன்றுகூட இல்லை. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய எல்லாவற்றின் விண்ணப்பங்களும் சென்னை கிண்டியிலுள்ள அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன. ஆகவே அலுவலகவாரியாகப் பார்த்தால் பெங்களூருவின் உழைப்பும் சென்னையின் பெயரில் சேர்ந்துவிடும். பல செய்திகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கடந்துபோகின்றன.

மாநிலவாரிக் கணக்கு வேறு. அது விண்ணப்பதாரரின் முகவரியைப் பார்க்கிறது. 2022-23ஆம் நிதியாண்டில் இந்தியாவில் மொத்தம் 82,811 விண்ணப்பங்கள் வந்தன. மாநிலங்களில் தமிழ்நாடு முதலிடம். ஏழாயிரத்து அறுநூறுக்கும் மேல். கர்நாடகம் ஐயாயிரத்துச் சொச்சம். தமிழர்கள் பலரும் இதைக் கைப்பேசியில் பகிர்ந்து மகிழ்ந்தார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இஸ்ரோவும் இந்திய அறிவியல் கழகமும் நூற்றுக்கணக்கான பன்னாட்டு ஆய்வுக்கூடங்களும் இருக்கும் மாநிலம் பின்தங்கியது எப்படி என்று கேட்காமல் மகிழ்வது அறிவுடைமை ஆகாது.

ஒரு காரணம் அந்த மரப்பலகையிலேயே இருக்கிறது. பெங்களூருவில் பன்னாட்டு நிறுவனத்துக்காக ஒருவர் கண்டுபிடித்தது முதலில் அமெரிக்காவில் பதிவாகிறது, உரிமையாளர் அமெரிக்க நிறுவனம். பிறகு அதே கண்டுபிடிப்புக்கு இந்தியாவிலும் விண்ணப்பித்தால், விண்ணப்பதாரரின் முகவரி வெளிநாடு என்பதால் நம் கணக்கில் அது வெளிநாட்டு விண்ணப்பமாகவே நிற்கும். ஜீவனஹள்ளியில் விடிய விடிய விழித்த கண்களுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை.

இன்னொரு காரணம் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறது. அதைச் சொல்லவும் அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

கோப்பில் இருந்த இன்னொரு தாள்

பையன் தன் சான்றிதழ்க் கோப்பை எடுத்து வந்து இன்னொரு தாளையும் காட்டினான். அவன் படித்தது தமிழ்நாட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில். கடைசி ஆண்டு புராஜெக்டுக்குக் கல்லூரியே ஒரு காப்புரிமை விண்ணப்பம் போட்டிருக்கிறது. ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேரின் பெயர்களுக்குக் கீழே கடைசியில் இவன் பெயர். "பேட்டன்ட் பப்ளிஷ் ஆயிடுச்சுன்னு ஸ்டேஜ்ல கூப்பிட்டு சால்வை போட்டாங்க அண்ணா. அப்புறம் அது என்ன ஆச்சுன்னே தெரியாது" என்றான்.

என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியும், நடைமுறை அப்படி. விண்ணப்பம் போட்ட 18 மாதத்தில் அது காப்புரிமை அலுவலகத்தின் இதழில் தானாகவே வெளியாகும். அந்த இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது. அவசரமென்றால் தனிப் படிவமும் கட்டணமும் கொடுத்து முன்கூட்டியே வெளியிடச் செய்யலாம். வெளியாவதற்கும் தகுதிக்கும் தொடர்பே கிடையாது. அந்தக் கட்டம் வரை அது புதியதா, ஏற்கெனவே உலகில் இருப்பதா என்று அலுவலகத்தில் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். சோதிக்க வேண்டுமென்றால் விண்ணப்பதாரரே தனியாகக் கேட்டு, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். முன்பெல்லாம் அப்படிக் கேட்க 48 மாதம் அவகாசம் இருந்தது. 2024 மார்ச்சில் வந்த திருத்த விதிகளின்படி 31 மாதம். கேட்காமல் விட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே சட்டம் கருதும். சத்தமில்லாமல் செத்துப்போகும்.

ஆனால் 'தாக்கல்' என்ற பத்தியில் அது ஏற்கெனவே ஒன்றாக எண்ணப்பட்டுவிட்டது. மாநிலத்தின் பெருமையில் ஏறிவிட்டது. கல்லூரியின் கணக்கிலும்தான். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எப். தரவரிசையில் அறிவுசார் சொத்துக்கு மதிப்பெண் உண்டு. கிடைத்த காப்புரிமைகளோடு வெளியான விண்ணப்பங்களும் அதில் எண்ணப்படுகின்றன. இதற்கு நடுவே 2021 செப்டம்பரில் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை வந்தது. பெரிய நிறுவனம் 8,000 ரூபாய் கட்டும் இடத்தில் கல்லூரி 1,600 ரூபாய் கட்டினால் போதும். சலுகை நல்ல எண்ணத்தில் தந்தது. உண்மையான ஆய்வு நடக்கும் கல்லூரிகளுக்கு அது பெரிய உதவி. அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் 1,600 ரூபாயில் ஒரு மதிப்பெண் கிடைக்கும் என்ற நிலை வந்தபிறகு, புராஜெக்ட் அறிக்கைகளெல்லாம் விண்ணப்பங்களாக உருமாறியதில் வியப்பென்ன?

பொறியியல் கல்லூரிகள் மிகுந்த மாநிலம் தமிழ்நாடு. முதலிடத்தின் ஒரு பகுதி அங்கேயிருந்துதான் வருகிறது. அதில் சென்னை ஐ.ஐ.டி.யைப் போல் ஆண்டுக்கணக்கில் உழைத்து, உரிமம் கொடுத்து, நிறுவனங்களை உருவாக்கும் இடங்களும் இருக்கின்றன. சால்வையோடு முடிந்துபோகிற தாள்களும் இருக்கின்றன. எண்ணிக்கை இரண்டையும் ஒரே ஒன்றாகப் பார்க்கிறது. என் கோபம் அந்த மாணவனுக்காக. 'கண்டுபிடிப்பாளர்' என்று மேடையேற்றிவிட்டு, தன் கண்டுபிடிப்பு உயிரோடிருக்கிறதா என்றுகூடத் தெரியாத நிலையில் ஓர் இளைஞனை விடுவது ஆசிரியத் தொழிலுக்கு அழகில்லை.

சீனா இந்த வழியில் நமக்கு முன்பே போய்த் திரும்பி வந்த நாடு. அங்கே உள்ளூர் அரசுகள் விண்ணப்பத்துக்கு இவ்வளவு, கிடைத்தால் இவ்வளவு என்று பணம் கொடுத்தன. எண்ணிக்கை உலகிலேயே முதலிடத்துக்குப் போனது. தரம் கேள்விக்குறியானது. 2021இல் அவர்களுடைய தேசியக் காப்புரிமை அமைப்பே தலையிட்டு, விண்ணப்பத்துக்கான மானியங்களை அந்த ஆண்டு ஜூன் மாதத்துக்குள்ளும், கிடைத்த காப்புரிமைக்கான மானியங்களை 2025க்குள்ளும் நிறுத்தச் சொன்னது. அவர்கள் கைவிட்ட பாதையில் நாம் வேகமெடுக்கக் கூடாது.

மூன்று மடங்கு ஆனது அறிவா, கையெழுத்தா?

விண்ணப்பங்களை விடுங்கள், கிடைத்த காப்புரிமைகளை எண்ணலாமே என்று கேட்பீர்கள். எண்ணிப் பார்ப்போம். 2013-14இல் இந்தியா வழங்கியவை 4,227. 2022-23இல் 34,134. அடுத்த ஆண்டான 2023-24இல் 1,03,057. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இந்தியர்களின் கற்பனை பன்னிரண்டு மாதத்தில் மூன்று மடங்கு பெருகியிருக்க முடியாது. பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த கோப்புகளை அலுவலகம் அந்த ஆண்டில் வேகமாகத் தீர்த்து வைத்தது. அது நல்ல நிர்வாகம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்ணிக்கை ஆய்வுக்கூடங்களைப் பற்றிச் சொல்வதைவிட அலுவலகத்து மேசைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. 2023-24இல் கிடைத்தவற்றில் பல, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே யாரோ யோசித்தவை.

எண் அளவுகோலைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி பெங்களூருதான். ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு ஆண்டுதோறும் உலகின் முதல் 100 புத்தாக்கத் தொகுதிகளைப் பட்டியலிடுகிறது. அதன் வழி ஓரளவு நியாயமானது: உரிமையாளரின் முகவரியை விட்டுவிட்டு, கண்டுபிடித்தவர் வாழும் முகவரியைப் பார்த்துச் சர்வதேச விண்ணப்பங்களை எண்ணுகிறார்கள், அறிவியல் கட்டுரைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மெக்கானிக்கின் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதில், "உங்கள் ஊர்க் கணக்குதான்." 2024 பட்டியலில் பெங்களூரு 56ஆம் இடம். டெல்லி 63, சென்னை 82, மும்பை 84.

2025இல் ஒரு மாற்றம் செய்தார்கள். காப்புரிமை, கட்டுரை ஆகிய இரண்டோடு, புதிய நிறுவனங்களுக்குக் கிடைக்கும் துணிகர முதலீட்டு ஒப்பந்தங்களையும் மூன்றாவது அளவாகச் சேர்த்தார்கள். பெங்களூரு 56இலிருந்து 21க்குத் தாவியது. டெல்லி 26, மும்பை 46. சென்னை மட்டும் 84க்குப் போய்விட்டது.

அந்த ஓராண்டில் பெங்களூரு முப்பத்தைந்து படி புத்திசாலியாகிவிடவில்லை. அளவுகோல் மாறியது. ஒரே ஊர், அதே மக்கள், அதே போக்குவரத்து நெரிசல். இதுவரை காப்புரிமை என்ற சல்லடையில் தங்காமல் போனவை, முதலீடு என்ற சல்லடையில் தங்கின. சென்னைக்காரர்கள் இதில் மனம் வருந்தவும் வேண்டாம். பணத்தை எண்ணும் சல்லடையும் ஒரு சல்லடைதான். தொழிற்சாலைக்குள் நடக்கும் முன்னேற்றத்தை அதுவும் பார்ப்பதில்லை.

மாட்டுவண்டியில் வந்த ஆண்டெனா

ஜீவனஹள்ளியிலிருந்து மில்லர்ஸ் ரோடு அதிகத் தொலைவில்லை. அங்கே சோனா டவர்ஸ் என்ற கட்டடத்தில்தான் 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனம் தன் இந்திய வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. அமெரிக்காவோடு தரவு பரிமாறச் செயற்கைக்கோள் தொடர்பு வேண்டியிருந்தது. அதற்கான ஆண்டெனா மாட்டுவண்டியில் வந்து இறங்கிய படம் இன்றும் பெங்களூருவின் தொழில்நுட்ப வரலாற்றில் தவறாமல் இடம்பெறும். அந்தக் கட்டடத்திலிருந்து கிளைத்துப் பரவியதுதான் இன்று நகரமெங்கும் இருக்கும் சிப் வடிவமைப்பு உலகம். கடைக்காரர் மகனின் வேலை உட்பட.

காப்புரிமை எண்ணிக்கையால் இந்தக் கதையைச் சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். இங்கே வாழும் பொறியாளர்கள் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமைகள் இந்த நாற்பதாண்டில் எப்படி வளர்ந்தன என்று பார்த்தால், குறைந்த கூலிக்கு எழுதிக் கொடுக்கும் ஊர் என்ற நிலையிலிருந்து தானே வடிவமைக்கும் ஊராக பெங்களூரு மாறிய தடம் தெரியும். ஆகவே எண்ணைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஹார்வர்டு பொருளாதார அறிஞர் ஸ்வி கிரிலிக்கஸ் 1990இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இன்றும் இந்தத் துறையின் அடிப்படைப் பாடம். எல்லாக் கண்டுபிடிப்பும் காப்புரிமைக்குரியதாக இருக்காது, காப்புரிமைக்குரிய எல்லாவற்றையும் பதிவு செய்ய மாட்டார்கள், பதிவானவற்றின் மதிப்பும் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும் என்று காட்டிவிட்டு, அப்படியும் வேறெங்கும் கிடைக்காத தகவல் இதில் இருக்கிறது என்று அதைக் காப்பாற்றியவரும் அவர்தான். அதே ஆண்டில் மானுவேல் டிராட்டன்பெர்க் சி.டி. ஸ்கேன் கருவிகளின் காப்புரிமைகளை எடுத்து ஆராய்ந்தார். வெறும் எண்ணிக்கை கண்டுபிடிப்பின் பயனைச் சரியாகக் காட்டவில்லை. பின்னால் வந்த காப்புரிமைகள் எவற்றை மேற்கோள் காட்டின என்று பார்த்து எடை போட்டபோது காட்டியது.

எண்ணிக்கையில் தங்காதது எவ்வளவு இருக்கும்? இதற்குப் பெட்ரா மோசர் என்ற பொருளாதார வரலாற்றறிஞர் அருமையான ஒரு வழி கண்டார். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின் அட்டவணையை எடுத்து, அங்கே வைக்கப்பட்ட பிரிட்டிஷ் பொருள்களில் எத்தனைக்குக் காப்புரிமை இருந்தது என்று தேடினார். நூற்றுக்குச் சுமார் பதினொன்று. தொழிற்புரட்சியின் தாய்நாட்டிலேயே பத்தில் ஒன்பது புதுமைகள் காப்புரிமை ஏட்டுக்கு வெளியே நின்றன.

நெதர்லாந்தின் கதை இன்னும் வியப்பானது. அந்த நாடு 1869இல் காப்புரிமைச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டு 1912 வரை இல்லாமல் இருந்தது. அந்த இடைவெளியில்தான், 1891இல், ஐன்ட்ஹோவன் என்ற சிற்றூரில் பிலிப்ஸ் குடும்பம் மின்விளக்குத் தொழிற்சாலை தொடங்கியது. அந்நாளில் உள்நாட்டுக் காப்புரிமையை வைத்து அந்த ஊரை அளந்திருந்தால் கிடைத்திருக்கும் எண் பூஜ்யம். இன்று ஐரோப்பாவில் ஆள் கணக்குக்குக் காப்புரிமை மிகுந்த வட்டாரங்களில் ஐன்ட்ஹோவனும் ஒன்று.

நம் பெங்களூருவின் பூஜ்யங்களையும் பாருங்கள். 2001இல் இந்திய அறிவியல் கழகத்தின் சுவாமி மனோகர், வி. வினய், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியைக் கொண்டுவந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தும்படி, பல மொழிகளில் பேசும்படி யோசித்த கருவி. கையைச் சாய்த்தால் பக்கம் புரளும் வசதி அதன் விற்பனை வடிவத்தில் 2004லேயே இருந்தது, ஐபோன் வருவதற்கு மூன்றாண்டு முன்பு. அதன் வடிவமைப்பைப் பூட்டி வைக்காமல் பொது உரிமத்தில் பிறரும் எடுத்துச் செய்யும்படி திறந்து வைத்தார்கள். விற்பனையில் அது தோற்றது, மறைக்க வேண்டாம். ஆனால் ஊரின் அறிவுத்திறனுக்கு அது சாட்சியா என்றால், என் தீர்ப்பில் ஆயிரம் விண்ணப்பத் தாள்களுக்கு மேலான சாட்சி.

2016 ஏப்ரலில் வந்த யு.பி.ஐ. இன்னொன்று. நடத்துவது தேசியப் பணப்பரிமாற்றக் கழகம்; வடிவமைப்பில் பெங்களூருவின் ஐஸ்பிர்ட் என்ற அமைப்பின் தன்னார்வலர்களுடைய பங்கு பெரிது. கடைக்காரரின் மேசையில் ஒட்டியிருக்கும் அந்தக் கட்டம் போட்ட ஸ்டிக்கர் இந்தியாவின் வணிகத்தையே மாற்றிவிட்டது. பொதுப் பயனுக்காகக் கட்டிய ஒரு முறை அது. அதன் அருமையைக் காப்புரிமைப் பட்டியலில் தேடுவது வீண். தவிர, நம் சட்டத்தின் பிரிவு 3(கே) கணினி நிரலை அதனளவில் காப்புரிமைக்கு உரியதாக ஏற்பதில்லை. கணித முறைகளையும் வணிக முறைகளையும் அப்படியே விலக்கிவிடுகிறது. அந்தப் பிரிவு சரி என்பதே என் கருத்து. ஆனால் மென்பொருளே தொழிலான ஊரை, மென்பொருளை விலக்கும் ஏட்டை வைத்து அளக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

கப்பியில் சுற்றிய ட்யூப்

கீழே கடைக்கு வருவோம். கிரைண்டரின் கதையே ஒரு பாடம். கோவையில் 1955இல் பி. சபாபதி என்பவர் உருவாக்கியது அது என்பார்கள். ஆட்டுக்கல்லின் முன் விடியற்காலையில் குந்தியிருந்த பெண்களின் தோள்வலியை இறக்கி வைத்த கருவி. பிறகு கோவையில் எத்தனையோ பட்டறைக்காரர்கள் அதைச் சாய்த்தார்கள், சிறிதாக்கினார்கள், மேசைமேல் ஏற்றினார்கள். ஒருவர் செய்ததைப் பார்த்து அடுத்தவர் மேம்படுத்தினார். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது ஊர்ப் பெயருக்கான காப்பு. காப்புரிமைப் பத்தியில் அது ஏறாது. கோவையின் அந்தக் கூட்டு அறிவு எந்த அட்டவணையிலும் ஓர் எண்ணாக இல்லை.

கடைக்காரரும் ஒரு வேலை செய்கிறார். மாவு நீர் கசிந்து பெல்ட் வழுக்கும் கிரைண்டர்கள் அடிக்கடி வரும். புது பெல்ட் மாட்டினாலும் சில வாரத்தில் மறுபடி வழுக்கும். அவர் பழைய சைக்கிள் ட்யூபை விரலகலத்துக்குச் சாய்வாக வெட்டி, கப்பியின் மேல் இழுத்துச் சுற்றி, ஓரத்தைப் பிசினால் ஒட்டி, ஓர் இரவு காயவிடுகிறார். சாய்வாக வெட்டினால்தான் இணைப்பில் மேடு தட்டாது, பெல்ட் குதிக்காது என்று கப்பியைச் சுற்றிக் காட்டினார். "நேரா வெட்டுனா டக்கு டக்குன்னு சத்தம் வரும் சார். வூட்டம்மா மறுநாளே தூக்கினு வந்துடுவாங்க."

இதற்குக் காப்புரிமை கிடைக்குமா? கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். தொழில் தெரிந்த எவரும் யோசிக்கக்கூடியதைச் சட்டம் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை, அது சரியும்கூட. ஆனால் ஒரு வட்டாரத்தின் புத்தாக்கம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? பிரச்சினையை உற்றுப் பார்ப்பது, கைக்குக் கிடைத்ததை வைத்துத் தீர்ப்பது, தீர்வு நிற்கிறதா என்று சோதிப்பது. இந்தப் பழக்கம் இருக்கும் வீட்டில் வளர்ந்த பையன்தான் இன்று சிப் வடிவமைக்கிறான். விளைச்சலை எண்ணுகிறவர்கள் நாற்றங்காலை எண்ணுவதே இல்லை.

ஆக, ஒரே வீட்டில் மூன்று கணக்கு. அப்பாவின் கைவேலை எங்கும் பதிவாகவில்லை. பையனின் கல்லூரி விண்ணப்பம் தமிழ்நாட்டின் பெருமையில் ஒன்றாக எண்ணப்பட்டது. அவனுடைய உண்மையான கண்டுபிடிப்பு, பார்க்கும் வரியைப் பொறுத்து, பெங்களூருவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிறது.

அய்யங்கார் கேட்ட கேள்வி

இதற்கு வேறு வழி இல்லையா என்றால், வழி நம் வீட்டிலேயே அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து, பின்னர் உச்ச நீதிமன்றம் சென்ற என். ராஜகோபால அய்யங்கார் 1959இல் காப்புரிமைச் சட்டத் திருத்தம் பற்றிய அறிக்கையை அரசிடம் கொடுத்தார். அவர் எத்தனை என்று எண்ணிவிட்டு நிறுத்தவில்லை. யார் கையில் இருக்கின்றன, இங்கே அவற்றை யாராவது உற்பத்திக்குக் கொண்டுவருகிறார்களா என்று கேட்டார். பெரும்பாலானவை வெளிநாட்டார் கையில் இருந்தன. இங்கே நடைமுறைக்கு வராமலே கிடந்தன. அந்த அறிக்கையின் அடித்தளத்தில் எழுந்ததுதான் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம்.

அந்தக் கேள்வி இன்றும் சட்டத்தில் உயிரோடு இருக்கிறது. காப்புரிமை பெற்றவர் அதை இந்தியாவில் நடைமுறைப்படுத்தினாரா என்று படிவம் 27இல் அறிக்கை தர வேண்டும். பலர் தருவதில்லை, தருகிறவர்களும் அரைகுறையாகத் தருகிறார்கள் என்று சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் ஆராய்ந்து காட்டினார். 2015இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போட்டார். 2019இல் சிக்கமகளூரு மலைப்பகுதியில் அவர் இளம் வயதிலேயே இறந்துபோனது நம் பொதுவாழ்வுக்கு இழப்பு. ஆண்டுக்கு ஒரு முறை தர வேண்டியிருந்த அந்த அறிக்கையை 2024 விதிகள் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை என்று தளர்த்திவிட்டன. எண்ணிக்கையைக் கொண்டாடும் அதே ஆண்டில், பயனைக் கேட்கும் கேள்வியை இப்படித் தளர்த்தியது தவறு.

இன்னொரு சோதனையும் உண்டு, அது காசு கேட்கும் சோதனை என்பதால் பொய் சொல்லாது. இந்தியக் காப்புரிமை 20 ஆண்டு வரை நீடிக்கும். ஆனால் மூன்றாம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், ஆண்டு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். பயனில்லாத தாளுக்கு எவரும் ஆண்டுதோறும் பணம் கட்ட மாட்டார். ஆகவே ஒரு மாநிலம் பத்தாண்டுக்கு முன் பெற்றவற்றில் எத்தனை இன்றும் கட்டணம் கட்டி உயிரோடு இருக்கின்றன என்ற எண், இந்த ஆண்டு எத்தனை தாக்கலாயின என்ற எண்ணைவிடப் பல மடங்கு நேர்மையானது.

தமிழ்நாடு அரசுக்கும் கர்நாடக அரசுக்கும் கேட்டுக்கொள்கிறேன்: மாவட்டவாரியாக இதை வெளியிடுங்கள். தாக்கல், சோதனைக்குக் கேட்டவை, கிடைத்தவை, புதுப்பிக்கப்பட்டவை, நடைமுறைக்கு வந்தவை என்று ஒரே வரிசையில் வையுங்கள். கண்டுபிடித்தவர் எந்த ஊரில் வாழ்கிறார் என்பதையும் சேருங்கள். தரவரிசை போடுகிறவர்களே, வெளியான விண்ணப்பத்துக்கு மதிப்பெண் தருவதை நிறுத்துங்கள். முதலிடம் போனாலும் பரவாயில்லை, தெரிந்துகொள்வோம்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பிள்ளை கல்லூரியிலிருந்து வந்து "என் பேட்டன்ட் பப்ளிஷ் ஆயிடுச்சு" என்று சொன்னால், தட்டிக் கொடுங்கள். பிறகு விண்ணப்ப எண்ணை வாங்கி இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். சோதனைக்குக் கேட்டிருக்கிறார்களா, இல்லையா என்று அங்கேயே தெரியும். அதற்குக் கட்டணம் இல்லை.